குன்னூருக்குப் போனோம், அதற்கு என்ன?

“வெண்மணி நினைவு நாளுக்கு வேன் பிடிச்சா நாலு பேரு வர்றீங்க. குன்னூருக்கு மட்டும் எப்படிப்பா ஏழு பேரு?”

காரைக்காலில் எங்களுக்கெல்லாம் அரசியல் சொல்லிக்கொடுத்த மூத்த தோழர் ஒருவர் கேட்டது இது. சனி, ஞாயிறு இரண்டு நாள் மலைக்குப் போய்வந்த படத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருந்தோம். பனிக்குல்லா, தேயிலைச் சரிவு, கையில் சூடான சோளம் என்று எல்லாரும் எடுக்கிற படம்தான். தோழர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இருந்தாலும் சுருக்கென்றது. கணக்கு சரி. போன டிசம்பரில் வேனில் இருந்தது நாங்கள் நான்கு பேர் மட்டுமே. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இயக்கத்துப் பிள்ளைகள் ஊர் சுற்றப் போகலாமா, அதுவும் வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து கட்டிய ஊருக்கு? அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் விடுமுறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். எங்களில் பலருடைய வீட்டில் ‘வீக் எண்ட்’ என்ற சொல்லுக்கு வயது பத்து, பதினைந்து வருடம்கூட இருக்காது. நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்து வயல்களில் எங்கள் தாத்தாக்கள் பண்ணையாளாக இருந்த காலத்தில், ஆண்டை வீட்டில் சாவோ கல்யாணமோ வந்தால் வயல் வேலை நிற்கும். அன்றைக்கு அந்த வீட்டுக் கொல்லையில் வேலை இருக்கும். கழனியில் கால் வைக்காத நாள் என்றால் காய்ச்சலில் படுத்த நாள்தான். ஞாயிற்றுக்கிழமை என்பது அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சொல்லித் தெரிந்த விஷயம்.

இந்த நாட்டில் கூலிக்காரனுக்கும் ஓய்வு உண்டு என்று சட்டத்தில் எழுதவைத்தவர்களில் நம் அண்ணல் முக்கியமானவர். அரசமைப்புச் சட்டத்தோடு அவரை நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்கிற திருத்தம் 1945இல் வந்தது. 1946இல் ஆலைகளின் வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. இரண்டும் அவர் துறை கொண்டுவந்தவை. வயலுக்கு அந்தச் சட்டங்கள் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு 1951இல் தனிச் சட்டம் வந்தது. அதிலும் தொடக்கத்தில் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றுதான் இருந்தது. ஆலைக்காரனுக்கு ஒரு கணக்கு, கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு இன்னொரு கணக்கு.

ஆகவே தோழர், ஓய்வு எங்களுக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை. இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார எங்களுக்கும் உரிமை உண்டு. அதற்காக வெட்கப்பட மாட்டோம். எங்கே போகிறோம், அங்கே என்ன பார்க்கிறோம் என்பதில்தான் விவாதம் இருக்கிறது.

குன்னூரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ரயில் இருக்கிறது. காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் என்று டிக்கெட்டில் இருக்கும். பழைய ஆட்கள் ‘டீ கார்டன்’ என்றுதான் சொல்வார்கள். நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று டெல்டாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், திருச்சி, கரூர், ஈரோடு வழியாகக் கோவையைத் தொடுகிறது. கடலோரத்து நெல் வயலிலிருந்து தேயிலை மலையடிவாரம் வரை ஒரே வண்டி. அந்தப் பெயரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். நெல்லுக்கும் தேயிலைக்கும் நடுவே நம் ஆட்கள் போய்வந்த பாதையும் ஏறக்குறைய இதுதான் என்பது இந்தத் தடவைதான் உறைத்தது.

(எங்கள் ஊருக்கே சனிக்கிழமை வெளியூர்க் கூட்டம் வரும். பாதி திருநள்ளாற்றுச் சனீஸ்வரனுக்கு, பாதி சரக்குக்கு. அவர்கள் இறங்குகிற நேரத்தில் நாங்கள் கிளம்பிவிட வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை.)

விடியுமுன் கோவையில் இறங்கி, முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மேலே. மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அது 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 2005 முதல் உலக பாரம்பரியச் சின்னம். பாறையைக் குடைந்தவர்களின் பெயரை எந்த ஸ்டேஷனிலும் நாங்கள் பார்க்கவில்லை. மற்றபடி அந்த மலையில் பெயருக்குப் பஞ்சம் இல்லை. சிம்ஸ் பூங்கா, லாஸ் அருவி, லேம்ப்ஸ் ராக், வெலிங்டன். பாதை போட்ட அதிகாரிக்கு ஒரு அருவி, தோட்டம் போட்ட அதிகாரிக்கு ஒரு பூங்கா. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதும், தோடர்களின் நிலத்தில் கல் வீடு கட்டியதும் நாம் பள்ளியில் படித்தவை. 2022இல் ‘உதகை 200’ என்று அரசே விழா எடுத்தது. அதற்கு முன்னால் அங்கே தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் இருந்தார்கள். இருநூறு என்பது யாருடைய வயது?

மெட்ராஸ் மாகாண அரசாங்கமே கோடையில் கோப்புகளோடு ஊட்டிக்குக் குடிபோன காலம் அது. துரைமார் தனியாகப் போகவில்லை. சமையல்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர் எல்லாரும் கூடவே ஏறினார்கள். மெட்ராஸ் வெள்ளைக்காரர் வீடுகளில் அந்த வேலைகளைப் பார்த்தவர்களில் பறையர்கள் ஏராளம். பாதை வராத காலத்தில் துரைசானிகளை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிப் போனதும் கூலிக்காரர்கள்தான். ஊர் பெருகியதும் கக்கூஸ் அள்ள அருந்ததியர் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் தோட்ட வேலைக்குக் கூலி ஆள் போதாமல், கடல் கடந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை வேலை வாங்கினார்கள். நடுவட்டத்தில் அவர்களை அடைத்த சிறை இப்போது சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற இடம்.

திங்கட்கிழமை காலையில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, சனி, ஞாயிறு நாங்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட குப்பையை ஒரு அக்கா கூட்டிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த தோழர் ஒருவரின் அம்மாவும் நகராட்சித் துப்புரவுப் பணியாளர். அவர் அந்த அக்காவைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்களும் ஒன்றும் பேசவில்லை.

இதுவரைக்கும் சொன்னவை புத்தகத்திலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது கிடைக்காது.

பூங்காவில் சுற்றி அலுத்துப்போய், தேயிலைச் சரிவில் ஒரு பாதை இறங்குவதைப் பார்த்து நடந்தோம். கீழே லைன் வீடுகள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு தண்ணீர் டிரம். ஒரு பாட்டி வெயிலில் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வணக்கம் சொன்னதும், “என்னா தம்பி, வழி தவறிட்டீங்களா?” என்றார். இல்லை பாட்டி, சும்மா பார்க்க வந்தோம் என்றோம். “இங்க என்னா இருக்கு பாக்க?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் ஏழு பேருக்கும் சாயம் போட்டுக் கொண்டுவந்தார். பால் ஊற்றாத தேநீருக்கு அங்கே அதுதான் பெயர். யார், எவர், என்ன ஆளுங்க என்று எதையும் கேட்கவில்லை. முதல் நாள் அறை எடுக்கப் போன ஓர் இடத்தில் எங்கள் முகத்தையும் ஆதார் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, “தெருப் பேரு என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார்கள். அதனால் இந்த ஏழு டம்ளரும் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

பாட்டி சிலோனிலிருந்து வந்தவர். எழுபதுகளில், சின்னப் பெண்ணாக, அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்திருக்கிறார். பிறகு நாற்பது வருடம் கொழுந்து பறித்திருக்கிறார். அரசு காகிதத்தில் இவர்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பாட்டி பிறந்தது கண்டிச் சீமையில். அவர் எங்கே திரும்பினார்?

மாணவத் தோழர்களுக்காக இந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து இலங்கை மலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் தள்ளியது, கங்காணியின் முன்பணம் இழுத்தது. போன இடத்தில் கடன் கழியவே கழியாது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ கையில் இருக்க வேண்டும். 1948இல் இலங்கைக்கு விடுதலை வந்த கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டு இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நெல் மூட்டையைப் பங்கு போட்டால்கூட மூட்டைக்காரனைக் கேட்பார்கள். இந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் இன்றைய டான்டீ. தலைமையகம் குன்னூரிலேயே இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று மலையின் சரிவெல்லாம் பச்சையாக்கியது இவர்களுடைய கை. அதே 1968 டிசம்பர் 25ஆம் தேதி, எங்களுக்குப் பக்கத்தில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்ததற்காக 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். டெல்டாவில் தங்கியவர்களுக்கு அது நடந்தது, டெல்டாவை விட்டுப் போனவர்களுக்கு இது நடந்தது. தோழர், வெண்மணிக்குப் போகாமல் குன்னூருக்குப் போனோம் என்றீர்கள். குன்னூரிலும் அந்தக் கதையின் ஒரு பாதி இருந்தது.

டான்டீ நட்டம் என்று சொல்லி, 2,152 ஹெக்டேர் தோட்டத்தை வனத்துறைக்குத் திருப்பித் தரும் முடிவை அரசு 2022இல் எடுத்தது. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருடம் ஒரே கூரையில் இருந்துவிட்டு, அறுபது வயதில் எந்த ஊருக்குப் போவது? தென்கோடியில் மாஞ்சோலையும் இதே கேள்வியில்தான் நிற்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு அது. கூலிக்காகவும் சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் 1999 ஜூலை 23ஆம் தேதி நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் பாய்ந்தது. கைக்குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். குத்தகை முடியுமுன்பே, 2024இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தோட்ட வேலை நின்றது. மாஞ்சோலைக்கு டூர் போக அனுமதி எப்படி வாங்குவது என்று விசாரிக்கிற நண்பர்கள் நமக்கும் இருக்கிறார்கள். போங்கள். ஆற்றங்கரையில் இறங்கிவிட்டுப் போங்கள்.

பாட்டிக்கு வருவோம். அவருடைய பேத்திக்குச் சாதிச் சான்றிதழில் சிக்கல். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை ஒரு மழையில் போய்விட்டது. பூர்வீகம் எது என்று கேட்கிறார்கள், இவரால் காட்ட முடியவில்லை. “அங்க இருந்தப்ப இந்தியாக்காரின்னாங்க, இங்க வந்தா சிலோன்காரிங்கறாங்க. பேத்தி இங்கயே பொறந்தா. அவளையும் எந்த ஊருன்னு கேட்டா என்னா சொல்றது?”

எங்களோடு வந்த தோழி ஒருத்தி அதுவரை பேசாமல் இருந்தாள். அவள் சொன்னாள்: “எனக்கும் அதே கதைதான் பாட்டி.”

காரைக்கால்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் ஆணை 1964 மார்ச் 5ஆம் தேதி வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் உன் குடும்பம் இந்த எல்லைக்குள் இருந்ததா? இருந்தால் பூர்வீகம். பிறகு வந்திருந்தால் குடிபெயர்ந்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மலையோ ஆறோ இருக்கும் என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் வயல் வரப்புதான் எல்லை. இந்தப் பக்கம் வாஞ்சூர், அந்தப் பக்கம் நாகூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். ஒரே சாதி, ஒரே சாமி, ஒரே சுடுகாட்டுச் சண்டை. தோழியின் அப்பா நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எழுபதுகளில் இங்கே வந்தவர். அவள் காரைக்காலில் பிறந்து, காரைக்காலில் படித்தவள். அவள் சான்றிதழில் ‘குடிபெயர்ந்தவர்’ என்று இருக்கிறது. கல்லூரியில் சேரும்போது பூர்வீகத்தாருக்கான ஒதுக்கீட்டு வரிசையில் அவள் பெயர் இல்லை. தீண்டாமை வரப்பைத் தாண்டி வருகிறது, ஒதுக்கீடு மட்டும் வரப்பில் நின்றுவிடுகிறது.

மார்ச்சில் ஓர் ஆணை, அக்டோபரில் ஓர் ஒப்பந்தம், இரண்டும் 1964. (அந்த வருடம் டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியையும் கொண்டுபோனது. அதனால்தான் பாட்டி வந்த கப்பல் ராமேஸ்வரத்தில் நின்றது.) ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போட முடியாது, வேறு வேறு அரசியல். ஆனால் அந்த லைன் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு அறுபது தாண்டியது, ஒருத்திக்கு இருபது, தங்கள் காகிதங்களைப் பற்றி ஒரே மொழியில் பேசிக்கொண்டார்கள்.

நாங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் ஓடியது. எங்கள் துறைமுகம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் காரைக்காலிலிருந்து ரீயூனியனுக்கும் மார்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை போட்டு, பிரிட்டிஷ் பகுதி ஆட்களையும் பிடிக்க வழி செய்துகொண்டன. டெல்டாக் கூலிக்காரன் வரப்பைத் தாண்டிக் காரைக்காலுக்குள் வந்தால் கப்பல் காத்திருந்தது. அன்றைக்கு இந்த எல்லை எவ்வளவு தாராளமாகத் திறந்திருந்தது பாருங்கள்! கூலியாக ஏற்றும்போது யாரும் பூர்வீகச் சான்றிதழ் கேட்டதில்லை. ரீயூனியனிலும் ஒரு குன்னூர் உண்டு, எல்பூர் என்று பெயர். சலாசி மலைக்கிண்ணத்துக்குள் இருக்கிற சின்ன ஊர். ஆளுநர் ஒருவரின் பெயரை வைத்து, வெந்நீர் ஊற்றுக்காகத் தோட்ட முதலாளிகள் போய்த் தங்கிய இடம். கீழே கடலோரத்தில் கரும்பு வெட்டியவர்களில் நம் துறைமுகத்திலிருந்து போனவர்கள் இருந்தார்கள். மேலே அவர்கள் ஓய்வெடுக்கப் போயிருக்க மாட்டார்கள்.

“லீவு எத்தினி நாளு உங்களுக்கு?” என்று பாட்டி கேட்டார். இரண்டு நாள் என்றோம். “ரெண்டு நாளுக்கா இம்புட்டு தூரம்?” என்று சிரித்தார். மலை ரயிலில் போயிருக்கிறீர்களா என்று கேட்டோம். அது சத்தம் போடும்போது மணி தெரியும், அவ்வளவுதான் என்றார்.

கிளம்பும்போது பூர்வீகத்தைப் பற்றி மறுபடி விசாரித்தோம். அப்பா சொல்லியிருக்கிறார், வலங்கைமான் பக்கம் என்று. “அது எங்க இருக்கு, மெட்ராஸ் பக்கமா?” போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினோம். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பாட்டி, நீங்க எங்க ஊருக்காரங்க என்றாள் தோழி. பாட்டி போனை வாங்கி, அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒரு பொட்டலம் டீத்தூள் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வலங்கைமான் போகிறோம். சேரியின் பெயர் தெரியாது. பாட்டியின் அப்பா பெயர், தாத்தா பெயர், குலசாமி பெயர், மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவந்திருக்கிறோம். அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தோழர்கள் யாராவது கூட வந்தால் நல்லது. மூத்த தோழரையும் கூப்பிட்டிருக்கிறோம், வேன் செலவு அவருடையது என்று சொல்லி.